திகில் எழுத்தாளருக்கு ஓர் அஞ்சலித் தொகுப்பு: முதன்முறை தொகுப்பவர்களுக்கான செய்முறை

பிடித்த திகில் எழுத்தாளர் ஒருவரை நினைத்துப் பலர் புதிதாக எழுதும் சிறுகதைகளைச் சேர்த்து, ஒரு நூலாகக் கொண்டுவர ஆசைப்படுகிறீர்களா? எங்கே தொடங்குவது, எதை எப்போது செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனை வைத்துக்கொள்வோம். 1916-இல் பிறந்தவர். வெர்மான்ட் மாநிலத்தின் நார்த் பென்னிங்டன் என்ற சிற்றூரில் நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதினார். 1965-இல், 48 வயதிலேயே இறந்துபோனார். அவருக்கு அஞ்சலியாக எலன் டாட்லோ தொகுத்த 'வென் திங்ஸ் கெட் டார்க்' 2021-இல் வந்தது. ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ், கெல்லி லிங்க், பால் ட்ரெம்ப்ளே உள்பட 18 பேரின் கதைகள் அதில் இருக்கின்றன. தொகுக்கக் கற்றுக்கொள்ள அருமையான மாதிரி அது.

படி 1: பயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றிலும் அதிக நேரம் கேட்கும் வேலை இதுதான். எழுத்தாளரின் முக்கியமான படைப்புகளை மறுபடி படியுங்கள். இந்த முறை கதைக்காக இல்லை. எந்த இடத்தில் உங்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது, அதற்குச் சற்று முன்னால் அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதற்காக.

ஜாக்சனின் 'தி லாட்டரி' 1948 ஜூன் 26 தேதியிட்ட நியூயார்க்கர் இதழில் வந்தது. வெயில் அடிக்கும் ஒரு ஜூன் மாதக் காலை. ஊர்ச் சதுக்கத்தில் ஒரு குலுக்கலுக்காக ஜனங்கள் கூடுகிறார்கள். பையன்கள் கற்களைப் பொறுக்கிக் குவிக்கிறார்கள். ஆண்கள் டிராக்டரையும் வரியையும் பற்றிப் பேசுகிறார்கள். கடைசிப் பக்கத்தில்தான் அந்தக் கற்கள் எதற்கு என்று தெரிகிறது: குலுக்கலில் சீட்டு விழுந்தவரை ஊரே சேர்ந்து கல்லெறிந்து கொல்வதற்கு. அந்தக் கோடையில் இந்தக் கதைக்காக அவருக்கு 300-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. இந்தக் குலுக்கல் எங்கே நடக்கிறது, நாங்களும் போய்ப் பார்க்கலாமா என்றுகூடச் சிலர் கேட்டிருந்தார்கள். கதையைவிட அந்தக் கேள்வி எனக்கு அதிகப் பயம் தருகிறது.

1959-இல் வந்த 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலில் ஒரு காட்சி. இருட்டில் எலனோர் பயந்துபோய், பக்கத்தில் இருக்கும் தியடோராவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விளக்கு எரிகிறது. தியடோரா எட்டாத தூரத்தில் இருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கை? ஜாக்சன் பதில் சொல்வதில்லை. 1962-இல் வந்த 'வீ ஹாவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் த காசில்' நாவலிலோ பேயே கிடையாது. ஊர் மக்கள் அக்கா தங்கை இருவரின் வீட்டை அடித்து நொறுக்குகிறார்கள். அப்புறம் அதே ஜனங்கள் வாசலில் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஜாக்சனிடம் பயம் அக்கம்பக்கத்தில் இருக்கிறது, குடும்பத்தில் இருக்கிறது, தன் மனதை நம்ப முடியாத ஒரு பெண்ணின் தனிமையில் இருக்கிறது. பாழடைந்த மாளிகை அவருடைய மேடைப் பொருள் மட்டுமே. இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் தொகுப்பின் பாதி வேலை முடிந்தது. இன்னொரு அமெரிக்கத் திகில் எழுத்தாளரான லவ்கிராஃப்டை எடுத்தாலும் இதே கதைதான். ஆக்டோபஸ் முகக் கடவுளைக் கடன் வாங்குவது எளிது. இந்தப் பிரபஞ்சத்துக்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை என்ற அவருடைய திகிலை எழுதுவதுதான் கடினம்.

படி 2: ஒரு பத்தி, ஒரு தடைப்பட்டியல்

கண்டுபிடித்ததை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். எழுத்தாளர்களுக்கு அனுப்பப்போவது இதுதான். கூடவே எதெல்லாம் வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். ஜாக்சனின் கதைகளையே மாற்றி எழுத வேண்டாம், ஜாக்சனையே பாத்திரமாக்க வேண்டாம், அவருடைய சாரத்தை உங்கள் கதைக்குள் இறக்குங்கள் என்றுதான் டாட்லோ கேட்டார். இப்படிச் சொல்லாவிட்டால் வருகிற கதைகளில் பாதி கல்லெறியில்தான் முடியும்.

படி 3: உரிமை விவகாரம்

ஒரு கருவையோ உணர்வையோ பதிப்புரிமை கட்டுப்படுத்தாது. எழுதப்பட்ட வரிகளையும், பல நேரங்களில் பாத்திரங்களையும் கட்டுப்படுத்தும். 1849-இல் இறந்த எட்கர் ஆலன் போவின் பாத்திரங்களை யாரும் எடுத்தாளலாம். ஜாக்சன் விஷயம் வேறு. 'தி லாட்டரி'க்கு அமெரிக்காவில் 2043 முடியும்வரை பாதுகாப்பு இருக்கிறது. ஹில் ஹவுஸுக்கே திரும்பிப் போகும் நாவல் ஒன்றை எலிசபெத் ஹாண்ட் 2023-இல் வெளியிட்டார். ஜாக்சனின் வாரிசுகள் தரப்பு அனுமதி கொடுத்த பிறகு வந்த நூல் அது. இந்தியாவில் பொதுவாக எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்பது கணக்கு. ஆனால் மின்னூலாக உலகம் முழுக்க விற்கும்போது மற்ற நாட்டுச் சட்டங்களும் வரும். ஆகவே முதல் தொகுப்பில் பாத்திரங்களைத் தொடாமல் இருப்பதே நல்லது. அட்டையிலும் அவருடைய குடும்பமே வெளியிட்டது போன்ற தோற்றம் வேண்டாம்.

படி 4: கதைகளைக் கேளுங்கள்

பத்துப் பன்னிரண்டு கதைகள் போதும். நேரடியாக அழைக்கலாம், பொது அறிவிப்பும் விடலாம். இரண்டையும் கலந்து செய்வதையே நான் சொல்வேன். தெரிந்தவர்களையே அழைத்தால் ஒரே குரல்தான் கேட்கும். அறிவிப்பில் சொல் எண்ணிக்கை, கடைசித் தேதி, முன்பு எங்கும் வெளிவராத கதையாக இருக்க வேண்டுமா என்பது, சன்மானம் எவ்வளவு, எப்போது என்பது எல்லாம் இருக்கட்டும். சன்மானம் தர முடியாத நிலை என்றால் அதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். தேர்வானதும் ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள்: இந்தத் தொகுப்புக்கு மட்டும் அனுமதி, ஓராண்டுக்குப் பின் எழுத்தாளர் எங்கும் வெளியிடலாம், கதையின் உரிமை அவருடையதே. நண்பர் என்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

படி 5: தேர்வு

ஒவ்வொரு கதையையும் இரண்டு முறை படியுங்கள். முதல் முறை, ஜாக்சன் என்ற பெயரையே கேள்விப்படாத வாசகராக. அந்த வாசகருக்குப் பயமே வரவில்லை என்றால் அது கதையாகவே நிற்கவில்லை. எவ்வளவு பக்தியோடு எழுதியிருந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை, ஜாக்சனைக் கரைத்துக் குடித்தவராக. கதை எழுதியவர் ஜாக்சனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு எங்கே கொண்டுபோயிருக்கிறார் என்று பாருங்கள். பேரங்காடியிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நடக்கிற ஒரு கதை, மலை மேல் மாளிகைக் கதையைவிட அவருக்கு நெருக்கமாக இருக்கலாம்.

நல்ல கதைகள் இரண்டு ஒரே மாதிரி முடிந்தால் ஒன்றை மட்டும் வையுங்கள். மறுப்புக் கடிதத்தைத் தாமதிக்காதீர்கள். திருத்தம் கேட்கும்போது "இன்னும் கொஞ்சம் பயமாக" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்தப் பத்தியில் விளக்கம் கூடிப்போய்ப் பயம் வடிந்தது என்று குறிப்பிடுங்கள். திகில் கதைகளில் பெரும்பாலும் வெட்ட வேண்டியது கடைசிப் பத்தியாகத்தான் இருக்கும்.

படி 6: வரிசை

முதல் கதை எளிதில் உள்ளே இழுக்க வேண்டும். இருப்பதிலேயே வலுவான கதையைக் கடைசிக்கு வையுங்கள். நீளமான இரண்டு கதைகளை அடுத்தடுத்துப் போடாதீர்கள். இரண்டு குடும்பக் கதைகளுக்கு நடுவில் ஓர் ஊர்க் கதை வரட்டும். தலைப்புகளைச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும்.

படி 7: முன்னுரையும் மெய்ப்பும்

முன்னுரை மூன்று நான்கு பக்கம் போதும். எழுத்தாளர் யார், அவருடைய பயம் எப்படிப்பட்டது, புதிதாக வருகிறவர் எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம், அவ்வளவுதான். தொகுப்பிலுள்ள கதைகளின் முடிவை அதில் உடைத்துவிடாதீர்கள். எந்தப் படைப்பு தன்னைத் தூண்டியது என்று ஒவ்வொருவரிடமும் சிறு குறிப்பு வாங்கி, அதைக் கதைக்கு முன்னால் போடாமல் பின்னால் போடுங்கள்.

பக்க வடிவமைப்பு முடிந்ததும் அவரவர் கதையின் மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பதற்கான பக்கங்களை, பிடிஎஃப் ஆக அனுப்பி, பதில் தர ஒரு வாரம் கொடுங்கள். எழுத்தாளர் பெயர்கள், கதைத் தலைப்புகள், பொருளடக்கத்தின் பக்க எண்கள் மூன்றையும் அச்சுக்குப் போகும் நாளில் மறுபடி ஒரு தடவை, கதைகளைப் படிக்காத ஒருவரை வைத்துச் சரிபாருங்கள்.