வலி மாத்திரை வாங்கும் முன்

மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். "வலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: வீங்கி, தொட்டால் நோகிறதா? இல்லை, சுருக் சுருக்கென்று எரிகிறதா?

வீக்கத்தோடு வரும் வலி என்றால், அடிபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாகி நரம்பு முனைகளை உசுப்பிவிடுகிறது. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் அதைத் தயாரிக்கும் நொதியை முடக்கும். ஆஸ்பிரினும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று பிரிட்டிஷ் மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதனால் சாப்பிட்ட பிறகு போடுங்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பாராசிட்டமால் வயிற்றுக்குச் சாது. அளவு மீறினால் கல்லீரலுக்கு எமன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. சளி மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள், பலவற்றில் அதுவும் ஒளிந்திருக்கும்.

சரி, சர்க்கரை நோயில் வரும் பாத எரிச்சல்? அங்கே கெட்டுப்போனது நரம்பே. மேலே சொன்னவை அவ்வளவாகக் கேட்காது. டாக்டர் எழுதித் தரும் பிரிகாபலின், நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாசலைச் சற்றே சாத்துகிறது. வலிச் செய்தி மட்டுப்படுகிறது. கூடவே தூக்கமும் தலைசுற்றலும் வரலாம், உடம்பு பழகும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். நிறுத்துவதானாலும் டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான். என் அம்மா "எரிச்சல் போயிடுச்சே" என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டு, இரண்டு இரவு தூங்காமல் வியர்த்துக் கிடந்தார்.