பாஷை தெரியாமல் வெளிநாடு போகிறீர்களா?

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கமிருந்து சிங்கப்பூர், வளைகுடா என்று கிளம்புகிற தம்பிகளுக்கு: அரபியோ சீனமோ தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். வெல்டிங், பிளம்பிங், ஏசி மெக்கானிக் என்று கைத்தொழில் ஒன்று இருந்தால் பேச்சு தானாக வந்துவிடும். வளைகுடா சைட்டுகளில் அரபியைவிட இந்திதான் அதிகம் ஓடும். அதில் எண்கள், கருவிகளின் பெயர், 'நில்', 'ஆபத்து' இவை போதும், தொடங்க.

கவனம் வேண்டியது காகிதத்தில். சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட் என்றால், கிளம்பும் முன்பே முன்அனுமதிக் கடிதத்தை (ஐ.பி.ஏ.) கேட்டு வாங்குங்கள். அடிப்படைச் சம்பளம், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும், தமிழிலும் தருவார்கள். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொன்ன தொகையோடு ஒத்துப்பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள்.

அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, கூடவே ஜிஎஸ்டி. இங்கே லட்சக்கணக்கில் கேட்பது சகஜமாகிவிட்டது, அது வேறு கதை! பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.