'பெக்கர்ஸ் டிஸ்கிரிப்ஷன்' எழுதும் முறை

பிச்சாவரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால், கடலூர்க் கல்லூரிப் பிள்ளைகளும் சரி, புதுச்சேரி விடுதிகளுக்கு விளம்பரம் எழுதுகிறவர்களும் சரி, 'வெரி வெரி பியூட்டிஃபுல்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நாம் 'சொல்லி மாளாது' என்கிற இடத்தில் வைக்க ஆங்கிலத்தில் கம்பீரமான தொடர் ஒன்று உண்டு: 'பெக்கர்ஸ் டிஸ்கிரிப்ஷன்'.

இதில் 'பெக்கர்' வினைச்சொல். ஓட்டாண்டியாக்குவது என்று பொருள். கண்ட காட்சி, வர்ணனையின் கையிருப்பையெல்லாம் தீர்த்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் 'ஆண்டனி அண்ட் கிளியோபாட்ரா'வில், 2ஆம் அங்கம் 2ஆம் காட்சியில், ஆண்டனியின் தோழன் ஏனோபார்பஸ், எகிப்து ராணி கிளியோபாட்ராவைப் பற்றி 'இட் பெக்கர்ட் ஆல் டிஸ்கிரிப்ஷன்' என்கிறான். அந்த 'ஆல்' இன்றும் செல்லும்.

எழுவாயாகக் கண்ட பொருள்தான் வரவேண்டும்: 'த சன்ரைஸ் பெக்கர்ஸ் டிஸ்கிரிப்ஷன்.' நேற்றைய காட்சி என்றால் 'பெக்கர்ட்'. பிசகுவதெல்லாம் நம் தமிழ்ப் பழக்கத்தால்தான். 'அழகாக இருக்கிறது' என்று நினைத்து 'இஸ் பெக்கர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். 'எனக்கு வார்த்தை வரவில்லை' என்று நினைத்து 'ஐ பெக்கர்' என்கிறோம். இவற்றைவிட மோசம், 'சொல்ல முடியாது' என்பதில் உள்ள மறுப்பை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோய் 'டஸ் நாட் பெக்கர்' என்பது, பொருளே தலைகீழாகிவிடும். 'டிஸ்கிரிப்ஷன்' முன்னால் 'த' வேண்டாம், பின்னால் பன்மை 'ஸ்' வேண்டாம், எங்கேயும் 'வெரி' வேண்டாம்.

தொடரை எங்கே வைப்பது என்பதில்தான் எழுத்தின் தரம் தெரியும். ஏனோபார்பஸ் எடுத்த எடுப்பில் இதைச் சொல்வதில்லை. கிளியோபாட்ரா வந்த படகின் பொன் தகடு, ஊதா நிறப் பாய், வெள்ளித் துடுப்பு என்று கண்முன் நிறுத்திவிட்டுத்தான் அவளிடம் வருகிறான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிச்சாவரம் என்றால், சுரபுன்னைக் காட்டின் குறுகலான கால்வாய், இரு பக்கமும் சேற்றில் ஊன்றி நிற்கும் வேர்கள், தலைக்கு மேல் கூரையாக மூடும் கிளைகள் என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள். அதன் பிறகு தொடர் வந்தால் வாசகர் நம்புவார். முதல் வரியிலேயே போட்டால், எழுதச் சோம்பல்பட்டவர் என்றே நினைப்பார். ஒரு கட்டுரைக்கு ஒரு முறை போதும்.

அழகுக்கு மட்டுமல்ல, அழிவுக்கும் இது பொருந்தும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர், புதுச்சேரி கரையைத் தாக்கியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்கு 'த டெவஸ்டேஷன் பெக்கர்ட் டிஸ்கிரிப்ஷன்' என்பது மிகையல்ல. 'பெக்கர்ஸ் பிலீஃப்' வேறு. 'நம்பவே முடியவில்லை' என்று, பெரும்பாலும் குறைப்பட்டுச் சொல்வது.

பேச்சில் இது கனமாகத் தெரியும்; அங்கே 'வேர்ட்ஸ் ஃபெயில் மீ' இயல்பாக இருக்கும். கல்யாண வாழ்த்தில் மணப்பெண்ணுக்கு இதை எழுதவே வேண்டாம். தொடர் தெரியாதவர் காதில் பிச்சைக்காரர் என்றுதான் விழும்; அங்கே 'பியூட்டிஃபுல்' போதும்.