ஆபரேஷன்ஸ் படிக்கிறவர்கள் உற்பத்தித் தளத்துக்கு வந்ததும் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு கோடையிலும் எம்பிஏ மாணவர்கள் சிலர் திருப்பூரில் நான் வேலை பார்க்கும் ஏற்றுமதி கம்பெனிக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். கணக்கு நன்றாக வருகிறது, கேள்வி கேட்கத் தயங்குவதில்லை. ஆனாலும் ஆபரேஷன்ஸ் (உற்பத்தி நிர்வாகம்), சப்ளை செயின் (மூலப்பொருளிலிருந்து கடை வரை சரக்கு கைமாறும் சங்கிலி) பற்றி அவர்கள் எழுதும் அறிக்கைகளில் ஆண்டுதோறும் அதே தவறுகள் வந்து உட்காருகின்றன. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தபோது நாங்கள் எல்லோரும் செய்தவைதான் அவை. அதனால்தான் எழுதுகிறேன்.

கிலோவையும் பீஸையும் குழப்புவது, எக்செல் தாளில் தப்பான வரிசையைக் கூட்டுவது போன்றவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த மெஷினும் சும்மா நிற்கக் கூடாது என்று நினைப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பெனிக்கு அதிகம் பணம் போவது இந்த ஒரு தவறில்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு பின்னலாடை பல கை மாறி வருகிறது. நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டு, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது) முடித்து, துணியைக் கட்டிங் மேசைக்குக் கொண்டுவருகிறோம். அப்புறம் தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். மாணவர் தளத்தைச் சுற்றி வரும்போது கட்டிங் மேசை பாதி நேரம் காலியாக இருப்பது கண்ணில் படும். உடனே அறிக்கையில் எழுதுவார்: “கட்டிங் பிரிவின் பயன்பாடு 57 சதவீதம்தான். இதை 95-க்கு உயர்த்தினால் உற்பத்தி கூடும்.”

கூடாது. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பாருங்கள். கட்டிங் ஒரு நாளைக்கு 3,500 பீஸ் வெட்ட முடியும். தையல் லைன் 2,000 பீஸ்தான் தைக்க முடியும். கட்டிங்கை முழு வேகத்தில் ஓட்டினால் தினமும் 1,500 பீஸ் மிஞ்சும். தையலுக்கு முன்னால் ஏற்கெனவே 4,000 பீஸ் காத்திருந்தது என்றால், பத்து வேலை நாளில் அது 19,000 ஆகிவிடும். பேக்கிங்கிலிருந்து வெளியே போவது மட்டும் அன்றும் 2,000, இன்றும் 2,000.

ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதியை நீங்கள் முதல் பருவத்திலேயே படித்திருப்பீர்கள். நடுவில் கிடக்கும் சரக்கை, ஒரு நாளில் வெளியேறும் சரக்கால் வகுத்தால் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறது என்பது வந்துவிடும். மேலே சொன்ன கணக்கில் வெட்டிய துணி முன்பு 2 நாள் காத்திருந்தது. இப்போது ஒன்பதரை நாள் காத்திருக்கிறது. ஒரு பீஸ்கூட அதிகம் அனுப்பாமல் டெலிவரியை ஏழரை நாள் தள்ளிப் போட்டிருக்கிறோம். தேர்வில் இந்த விதிக்கு முழு மதிப்பெண் வாங்கிய அதே கைதான் தளத்தில் கட்டிங்கை ஓட்டச் சொல்கிறது. எனக்கு எரிச்சல் தருவது அதுதான்.

தேங்கிய சரக்கின் செலவு அதோடு முடிவதில்லை. துணியில் போட்ட பணத்துக்கு வங்கி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கட்டுக்கட்டாக அடுக்கியதில் ஒரு லாட்டின் ஷேடு இன்னொரு லாட்டோடு கலந்துபோகும். கழுத்து அளவு கால் அங்குலம் தவறி வெட்டியிருந்தால், அது தையலுக்குப் போகும் நாளில்தான் தெரியும். அதற்குள் 19,000 பீஸிலும் அதே தவறு இருக்கலாம்.

முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் கட்டிங் பிரிவுக்கு வெட்டிய பீஸ் எண்ணிக்கையை வைத்து மாத ஊக்கத்தொகை கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினார்கள். ஆனால் எண்ணிக்கைக்குப் பணம் என்றதும் கட்டிங் மாஸ்டர் எது சீக்கிரம் வெட்ட வருமோ அதை முதலில் விரித்தார். ஒரே நிறம், உயரமான லேயர், நீளமான மார்க்கர் (வெட்டும் வடிவங்களை அடுக்கிய தாள்). வெள்ளைத் துணி மலைபோல் குவிந்தது. தையலுக்கு அப்போது தேவைப்பட்டதோ நேவி ப்ளூ மீடியம். பையர், அதாவது சரக்கை வாங்கும் நிறுவனம், கேட்டிருந்தது ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் எல்லா நிறமும் எல்லா சைஸும் கலந்த பேக்கிங். ஆயிரக்கணக்கில் பீஸ் தைத்து முடித்தும் பெட்டிகளை மூட முடியவில்லை. கப்பல் தவறியது. பாதிச் சரக்கை விமானத்தில் அனுப்பினார்கள். அந்தச் செலவு எப்போதும்போல ஏற்றுமதியாளர் தலையில் விழுந்தது, ஆர்டரின் லாபம் அதிலேயே போனது. அதற்கு அப்புறம் திட்டு வாங்கியது யார் தெரியுமா? டெய்லர்கள். தளத்தில் ஒரு நிமிடம்கூட ஓய்வில்லாமல் வேலை செய்தவர்கள் அவர்கள்தான். கட்டிங் பிரிவுக்கு அந்த மாதமும் ஊக்கத்தொகை கிடைத்தது. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் எது மிக மெதுவான கட்டம் என்று கண்டுபிடியுங்கள். எதன் முன்னால் சரக்கு குவிந்திருக்கிறதோ, எதற்குப் பின்னால் இருப்பவர்கள் வேலையின்றிக் காத்திருக்கிறார்களோ அதுதான். அந்தக் கட்டத்தில் ஒரு மணி நேரம் போனால் கம்பெனி முழுவதற்கும் ஒரு மணி நேரம் போச்சு. கட்டிங்கில் ஒரு மணி நேரம் நின்றால் எதுவும் குறையாது. ஆகவே அடுத்த இரண்டு நாளில் தையல் எந்த நிறம், எந்த சைஸ் தைக்கப்போகிறதோ அதை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். மிச்ச நேரத்தில் கட்டிங் ஆட்கள் துணி ரோலை விரித்து ஓட்டை, ஊசிக்கோடு, ஷேடு பார்க்கட்டும். பிரிண்ட் அதிகமுள்ள ஆர்டர் வந்தால் மெதுவான கட்டம் தையலிலிருந்து பிரிண்டிங்குக்கு மாறிவிடும். அதனால் ஆர்டருக்கு ஆர்டர் மறுபடி பார்க்க வேண்டும்.

மெதுவான கட்டத்தையும் நூறு சதவீதத்துக்குத் திட்டமிடாதீர்கள். வேலை வரும் நேரமும் முடியும் நேரமும் ஏறி இறங்கும் இடத்தில் பயன்பாடு கூடக் கூட வரிசை நீண்டுகொண்டே போகும். பாடநூலில் வரும் எளிய மாதிரியில், ஒரே மெஷின் 80 சதவீதம் ஓடினால் ஒரு வேலை சராசரியாக நான்கு வேலையின் நேரம் காத்திருக்கும். 90-இல் அது ஒன்பது. 95-இல் பத்தொன்பது. மாலை ஆறு மணிக்கு அவினாசி ரோட்டில் இடம் துளிகூட வீணாகாமல் வண்டிகள் நிற்கின்றன, ஒன்றும் நகர்வதில்லை. தளமும் அப்படித்தான் ஆகும். கரண்ட் போகும், ஊசி உடையும், டெய்லர் ஊருக்குப் போவார். அதற்கெல்லாம் கொஞ்சம் இடம் விட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

லீட் டைமுக்குச் சராசரியை மட்டும் எடுப்பது

ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு கைக்கு வரும் வரை ஆகும் நாள்தான் லீட் டைம். “நூல் வர சராசரி 16 நாள்” என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். சராசரியிலிருந்து எத்தனை நாள் முன்னே பின்னே ஆகிறது என்று கேட்டால் பதில் இல்லை.

அந்த விலகல்தான் கையிருப்பைத் தீர்மானிக்கிறது. தினம் 200 கிலோ நூல் வேண்டும், அதன் நியமவிலகல் (சராசரியிலிருந்து வழக்கமாக ஏறி இறங்கும் அளவு) 40 கிலோ என்று வைப்போம். லீட் டைம் சரியாக 16 நாள், மாறவே மாறாது என்றால், 95 சதவீத உறுதிக்குப் பாதுகாப்பு இருப்பு (ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் சரக்கு) சுமார் 264 கிலோ போதும். அதே 16 நாளில் 4 நாள் நியமவிலகல் இருந்தால் சுமார் 1,346 கிலோ வேண்டும். சராசரி மாறவில்லை, இருப்பு ஐந்து மடங்காகிவிட்டது. சப்ளையரிடம் “சீக்கிரம் கொடுங்கள்” என்று கேட்பதைவிட “சொன்ன தேதியில் கொடுங்கள்” என்று கேட்பது பல நேரங்களில் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

கடல் வழிக்கும் இதே கதைதான். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக் கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீண்டது. பழைய சராசரியை நம்பி ஷிப்மென்ட் தேதி போட்டவர்களிடம் ஒரு நாள்கூடக் கையில் இல்லை.

ஆர்டரைத் தேவை என்று எடுத்துக்கொள்வது

பிராக்டர் அண்ட் கேம்பிள் தன் பாம்பர்ஸ் டயப்பர் விற்பனையைப் பார்த்தபோது கண்டது இன்று எல்லா வகுப்பறையிலும் சொல்லப்படுகிறது. குழந்தைகள் டயப்பரை ஏறக்குறைய ஒரே அளவில்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் மொத்த வியாபாரிகளின் ஆர்டர் ஏறி இறங்கியது, நிறுவனம் தன் மூலப்பொருளுக்குக் கொடுத்த ஆர்டர் அதைவிட அதிகமாக ஏறி இறங்கியது. புல்விப் விளைவு என்று படிப்பது இதைத்தான்.

இதைப் படித்தவர்கள்கூட பையரின் போன மாத ஆர்டரைத் தேவை என்ற தலைப்பில் போட்டு அதிலிருந்து முன்கணிப்பு செய்கிறார்கள். 2022-இல் பஞ்சு விலை ஒரு கண்டி (ஏறக்குறைய 356 கிலோ) லட்சம் ரூபாயைத் தாண்டியது. இப்படி விலை ஏறும்போது தட்டுப்பாட்டுக்குப் பயந்து ஒரே தேவைக்கு இரண்டு மில்லில் நூல் சொல்லிவைப்பவர்கள் உண்டு. மில்லுக்கு அது இரட்டைத் தேவையாகத் தெரியும். அதே ஆண்டு அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் சரக்கு தேங்கியது. டார்கெட் நிறுவனம் ஜூன் மாதம், மிஞ்சிய சரக்கை விலை குறைத்துத் தள்ளப் போவதாகவும் ஆர்டர்களை ரத்து செய்யப் போவதாகவும் அறிவித்தது. பையரிடம் கடையில் என்ன விற்றது, கிடங்கில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எல்லோரும் சொல்ல மாட்டார்கள். சிலர் சொல்வார்கள்.

பொருளாதார ஆர்டர் அளவை எல்லாவற்றுக்கும் போடுவது

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் மொத்தச் செலவு குறையும் என்று கணக்கிட ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் தந்த அந்தச் சூத்திரம் தேவை மாறாது என்று வைத்துக்கொள்கிறது. தையல் நூலுக்கும் பாலிபேக்குக்கும் போடலாம், சீசன் துணிக்குப் போடாதீர்கள்.

கிலோ விலையை மட்டும் ஒப்பிடுவது

நூலோ துணியோ வாங்கும்போது வேஸ்ட் சதவீதத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

கிடங்கைக் காலி செய்வதே ஜஸ்ட் இன் டைம் என்பது

ஜஸ்ட் இன் டைம் என்பது தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் பொருளை வரவழைக்கும் முறை. டொயோட்டாவைப் பார்த்து இருப்பைப் பாதியாக்கலாம் என்று எழுதுகிறவர்கள், டொயோட்டாவுக்கு நடந்ததையும் படிக்க வேண்டும். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியாவில் ஐசின் செய்கி ஆலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கான ஒரு சிறு வால்வு ஏறக்குறைய முழுக்க அங்கிருந்துதான் போனது. சில நாளில் டொயோட்டாவின் ஆலைகள் நின்றன. மீண்டு வந்ததும் வேகமாகத்தான். பல ஆண்டு உறவு இருந்த மற்ற சப்ளையர்கள் வரைபடத்தை வாங்கி, கையில் இருந்த மெஷினில் அந்த வால்வைச் செய்துகொடுத்தார்கள். 2011 பூகம்பத்துக்குப் பிறகு, எளிதில் மாற்றுக் கிடைக்காத சிப் போன்றவற்றைப் பல மாதங்களுக்குச் சேமித்துவைக்கும்படி அதே டொயோட்டா தன் சப்ளையர்களிடம் சொன்னது. எந்தப் பொருளுக்கு இருப்பு வேண்டாம், எதற்குக் கட்டாயம் வேண்டும் என்று பிரித்து எழுதுங்கள்.

நேரடி சப்ளையரோடு நின்றுவிடுவது

அறிக்கையில் வரையும் சப்ளை செயின் படம் பெரும்பாலும் “துணி சப்ளையர்” என்ற ஒரு பெட்டியில் முடிந்துவிடுகிறது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நிட்டிங்கும் தையலும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நடுவில் இருந்த அந்த ஒரு கட்டம் நின்றதும் ஊர் தடுமாறியது. சாயம் போட வெளியூர்களுக்குத் துணியை லாரியில் அனுப்ப வேண்டி வந்தது.

படத்தில் சாயப்பட்டறைக்குத் தனிப் பெட்டி போடுங்கள். அதன் கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, அந்த நிலையம் நின்றால் உங்கள் துணி எங்கே சாயமாகும் என்று அதற்குக் கீழே எழுதுங்கள். ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசரைக் கேட்டால் தெரியாது என்பார். பட்டறை மேனேஜரிடம் நேரில் போய்க் கேளுங்கள், சொல்வார்.