கடையும் பார்க்கணும், குகையிலும் இறங்கணும்: மூன்லைட்டரில் தொடங்குவது எப்படி

சைதாப்பேட்டையில் எங்கள் பெரியப்பாவுக்கு மளிகைக் கடை. ஸ்கூல் லீவு விட்டால் எனக்குக் கல்லாவில்தான் வேலை. அந்த வாசனையோ என்னவோ, ராத்திரி டஞ்சன் என்னும் அரக்கர் குகைக்குள் இறங்கிச் சரக்கு அள்ளி வந்து பகலில் கடை விரிக்கும் ஆர்பிஜி (கதாபாத்திரமாக மாறி ஆடும்) கேம் என்றால் எனக்கு உயிர். எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: 2018இல் வந்த மூன்லைட்டர்.

படி 1: வாங்குவது

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குங்கள். பிடிக்கவில்லையென்றால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தயவுசெய்து கீபோர்டில் ஆடாதீர்கள். ரிச்சி தெருவில் ஒரு கன்ட்ரோலர் வாங்குங்கள், ஆனால் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப்போய் அங்கேயே செருகிப் பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கி வந்ததில் இடது பக்க ஸ்டிக் தானாகவே மேலே இழுத்தது. என் ஆள் அவன் பாட்டுக்குச் சுவரை முட்டிக்கொண்டு நின்றான்.

படி 2: இறங்குவது, அதைவிட முக்கியம் ஏறுவது

பையில் 20 இடம். மேல் வரிசை 5 மட்டும் செத்தாலும் உங்களோடு வரும், மீதி 15 போச்சு. விலை உயர்ந்ததை எப்போதும் மேலே வையுங்கள். சில பொருட்களில் சாபம் இருக்கும். அம்புக்குறி காட்டும் பக்கத்துப் பொருளை, ஊர் திரும்பும்போது உடைத்துவிடும் சாபம் ஒன்று. அதே பொருளை உடனே வீட்டுப் பெட்டிக்கு அனுப்பிவிடும் வரம் போன்ற சாபம் இன்னொன்று. முதல் வகையின் அம்பு பைக்கு வெளியே பார்க்கும்படி ஓரத்தில் வைத்தால் தீர்ந்தது.

பை நிறைந்ததும், குகையிலிருந்து ஊருக்குக் கொண்டுவிடும் பென்டன்ட் என்ற பதக்கத்தைப் பயன்படுத்தி ஊர் திரும்புங்கள். ‘இன்னும் ஒரே ஒரு அறை’ என்று போய் நான் இழந்த சரக்கில் இன்னொரு கடையே வைத்திருக்கலாம்.

படி 3: விலை

நான் மூன்று நாள் தடுக்கி விழுந்த இடம் இது. எந்தப் பொருள் என்ன விலை போகும் என்று கேம் சொல்லாது. நானோ எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு வைத்தேன், கண் மூடித் திறப்பதற்குள் காலி. ‘ஆஹா, வியாபாரம்!’ என்று பூரித்தேன். பின்னால் கட்டிலில் படுத்திருந்த பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார்.

“ஏன்டா, அவன் வாயெல்லாம் பல்லா போறான் பாரு. ஏமாந்தது நீ.”

அதேதான். வாங்குபவர் தலைக்கு மேல் வரும் முகத்தைப் பாருங்கள். குதூகலம் என்றால் விலை மிகக் குறைவு. சாதாரணச் சிரிப்பு என்றால் சரியான விலை. வாட்டம் என்றால் வாங்கிக்கொள்வார், ஆனால் அந்தப் பொருளுக்குக் கிராக்கி குறையும். கோபம் என்றால் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

கணக்குக்குச் சொல்கிறேன். 100க்குக் கோபம், 50க்குக் குதூகலம் என்றால் அடுத்து 75. அதற்கும் வாட்டம் என்றால் 60 பக்கம் வாருங்கள். ஒவ்வொரு முறையும் இடைவெளியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் நாலைந்து விற்பனையில் விலை பிடிபட்டுவிடும். ஒரே பொருளை இரண்டு இடத்தில் இரண்டு விலைக்கு வைத்தால் இன்னும் சீக்கிரம். முகங்களை நோட்டுப் புத்தகத்தில் கேமே குறித்துக்கொள்ளும், தனியாக எழுத வேண்டாம். முகத்திலேயே கண்ணாக இருந்து, கடைக்குள் நுழையும் திருடனைக் கோட்டைவிடாதீர்கள். அவன் மேல் உருண்டு மோதினால் சரக்கு திரும்பும்.

படி 4: கொல்லர்

பணம் கட்டிக் கொல்லரை ஊருக்கு வரவழைத்ததும், அடுத்து வேண்டிய வாளைக் கேமுக்குள் இருக்கும் விஷ்லிஸ்டில் (விருப்பப் பட்டியலில்) போடுங்கள். அதற்கான பொருட்களில் நட்சத்திரம் தெரியும். அதை மட்டும் விற்காதீர்கள். நான் விற்றேன், அப்புறம் அதற்காகவே மறுபடி இறங்கினேன்.

அடுத்து என்ன?

இதே வகையில் இன்னொரு கேம், ரெசெட்டியர். ஜப்பானில் 2007, ஆங்கிலத்தில் 2010. அப்பா வாங்கிய கடனை மகள் கடை நடத்தி அடைக்க வேண்டும்: முதல் தவணை 10,000 பிக்ஸ் (அந்தக் கேமின் காசு), கடைசித் தவணை 5,00,000. இங்கே முகம் பார்ப்பதோடு நேரடி பேரமும் உண்டு. பேராசைப்படாமல் அடிப்படை விலையில் 105 சதவீதம் சொல்லுங்கள், பெரும்பாலும் பேசாமல் வாங்கிக்கொள்வார்கள். தவணை தவறினால் முதல் நாளிலிருந்து, ஆனால் சரக்கும் வியாபாரி லெவலும் கையில் இருக்கும். அதனால் தோற்கப் பயப்பட வேண்டாம்.

போஷனாமிக்ஸ் (2022) அழகுதான், ஆனால் குகைக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு நீங்கள் கடையில் காத்திருப்பீர்கள். எனக்கு அது பாதிச் சாப்பாடு. இந்த வகைக்கே மூத்தவர் 1990இல் வந்த டிராகன் குவெஸ்ட் 4இன் வியாபாரி டோர்னெக்கோ. 1993இல் அவருக்கென்றே தனி டஞ்சன் கேம் வந்தது.

பின்சேர்க்கை: “பென்டன்ட் வேலை செய்யவில்லை” என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அதற்குத் தங்கம் செலவாகும். இருந்ததையெல்லாம் ஊரில் செலவழித்துவிட்டு இறங்கினால் ஏற முடியாது. பையில் இருக்கும் மட்டமான நாலு பொருளை, அங்கேயே தங்கமாக்கித் தரும் கண்ணாடியில் போடுங்கள். அடிவிலைதான் கிடைக்கும், ஆனால் பஸ் காசுக்குப் போதும்.