வீட்டிலேயே கீரையும் மூலிகையும் வளர்க்கும் முறை

செடி வைப்பதற்கு முன், வெயில் எங்கே எவ்வளவு நேரம் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள்; தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், கீரைகளும் புதினாவும் அதைவிடக் குறைந்த வெயிலிலேயே தழைத்துவிடும்.

தொட்டியின் அடியில் துளை இல்லையென்றால் வேறு எந்தக் கவனிப்பும் பயன் தராது. மண்ணுடன் மட்கிய உரத்தைக் கலந்து, ஈரமாக ஒரு பிடி எடுத்து அழுத்தினால் அது உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். களியைப் போல ஒட்டிக்கொண்டால் மணலோ தென்னை நார்த்தூளோ சேர்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவதைக் கடிகாரம் பார்த்துச் செய்யாமல், மண்ணுக்குள் விரலை 2 செ.மீ. விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டிச் செடிகள் வாடிச் சாவதைவிட வேர் அழுகிச் சாவதே அதிகம் என்பது என் கருத்து.

கற்பூரவல்லிக்கு விதை தேவையில்லை. 10 செ.மீ. நீளத் தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, வேர்பிடிக்கும் வரை நிழலில் வைத்தால் போதும். துளசியில் பூங்கதிர் தலைகாட்டும்போதே நுனியைக் கிள்ளினால், கீழ்க்கணுவிலிருந்து இரு கிளைகள் வெடித்து இலை பெருகும். புதினா ஓடிப் படரும் என்பதால் அதற்குத் தனித் தொட்டி.

கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் நிறப் பால் பேதியை உண்டாக்கும். அதை முழுவதும் வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளிருக்கும் வழுவழுப்பான சோற்றைக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களும் எந்த மூலிகையையும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது.