தகடு, பாப்பிரஸ், பிரார்த்தனை: மார்மன் வேத விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1830 மார்ச்சில், நியூயார்க் மாநிலத்தின் பல்மைரா என்ற சிற்றூரில், 5,000 படிகளோடு ஒரு நூல் அச்சாகி வெளிவந்தது. மோரோனி என்ற தேவதூதர் காட்டிய தங்கத் தகடுகளிலிருந்து தெய்வ வல்லமையால் அதை மொழிபெயர்த்ததாக 24 வயது ஜோசப் ஸ்மித் அறிவித்தார். கி.மு. 600 வாக்கில் எருசலேமை விட்டுக் கிளம்பிய ஒரு குடும்பம் கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறி, பெரிய இனங்களாகப் பெருகியது என்கிறது அந்த மார்மன் நூல். இன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் உறுப்பினர்களாக இருக்கும் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபைக்கு அது வேதம்.

அந்த நூலைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒருவர் மரபணுவைப் பேசுவார். மற்றவர் ஜெபத்தில் கிடைத்த பதிலைப் பேசுவார். இருவரும் நேர்மையாகப் பேசினாலும், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழுவதே இல்லை.

“உண்மையா, பொய்யா?” என்று ஒரே கேள்வியாகக் கேட்பது

அந்தச் சின்னக் கேள்விக்குள் பல கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மார்மன் நூல் சொல்வதுபோல் பழங்கால அமெரிக்காவில் குதிரையும் எஃகும் கோதுமையும் இருந்தனவா என்பது ஒன்று. ஓர் எகிப்திய ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது இன்னொன்று. கடவுள் 19ஆம் நூற்றாண்டில் ஒரு மனிதரோடு பேசினாரா என்பது முற்றிலும் வேறு வகை. முதல் இரண்டையும் மண்ணைத் தோண்டியும் எழுத்தைப் படித்தும் சோதிக்கலாம். மூன்றாவதற்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் கருவி கிடையாது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றதற்கும் பதிலாக இரு தரப்பும் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது, பைபிளின் முற்பிதா ஆபிரகாமின் பெயரில் ஸ்மித் தந்த இன்னொரு வேதமான ஆபிரகாமின் நூலைத்தான். மார்மன் நூலின் தகடுகள் இன்று யார் கையிலும் இல்லை. தேவதூதர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்பது சபையின் நம்பிக்கை. ஆனால் ஆபிரகாமின் நூலுக்கு மூலப் பொருள் இருக்கிறது.

1835இல், ஓஹாயோவின் கர்ட்லாண்டுக்கு ஒருவர் எகிப்திய மம்மிகளைக் காட்சிக்குக் கொண்டுவந்தார். ஸ்மித்தும் அவரது நண்பர்களும் நான்கு மம்மிகளையும் கூடவே இருந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களையும் 2,400 டாலருக்கு வாங்கினார்கள். அவற்றில் ஒன்று ஆபிரகாம் எகிப்தில் இருந்தபோது தன் கைப்பட எழுதியது என்று சொல்லி, 1842இல் ஸ்மித் அதன் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 1880இல் அது சபையின் வேதத் தொகுப்பில் சேர்ந்தது. சுருள்கள் கைமாறிப் போய், 1871இல் சிகாகோவில் பற்றிய பெருந்தீயில் அழிந்துவிட்டன என்றே எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அவற்றின் துண்டுகள் சில நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியவந்து, 1967இல் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன.

அந்தத் துண்டுகளில் ஒரு படம் உண்டு. சிங்க வடிவக் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார், பக்கத்தில் ஒருவர் நிற்கிறார், கட்டிலுக்குக் கீழே நான்கு ஜாடிகள். ஆபிரகாமைப் பலியிட முயலும் பூசாரி என்றும், ஜாடிகள் நான்கு விக்கிரக தெய்வங்கள் என்றும் ஸ்மித் விளக்கம் எழுதியிருந்தார். எகிப்தியவியலாளர்கள் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள். இறந்தவரை உயிர்ப்பிக்கும் சடங்குக் காட்சி அது. நிற்பவர் நரித்தலை தெய்வமான அனுபிஸ். ஜாடிகள் இறந்தவரின் உள்ளுறுப்புகளைக் காக்கும், ஹோரஸ் தெய்வத்தின் நான்கு மகன்கள். மூலத்தில் நிற்பவரின் தலை இருக்க வேண்டிய இடம் கிழிந்து போயிருக்கிறது. 1842இல் அச்சான படத்திலோ அங்கே மனிதத் தலை வரையப்பட்டிருக்கிறது. பக்கத்து எழுத்துகள் தீப்ஸ் நகரத்துப் பூசாரி ஹோர் என்பவரின் பெயரைச் சொல்கின்றன. மறுமைப் பயணத்துக்காக அவரோடு வைக்கப்பட்ட ‘மூச்சுகளின் நூல்’ அது. ஏடுகளின் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. ஆபிரகாமின் காலமாகச் சொல்லப்படுவதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் பிந்தியது.

2014இல் சபையே வெளியிட்ட கட்டுரை, துண்டுகளில் உள்ள எழுத்துகள் ஆபிரகாமின் நூலோடு பொருந்தவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. அது நேர்மையான காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். அதே கட்டுரை இரண்டு சாத்தியங்களையும் முன்வைக்கிறது. உரிய பகுதி தொலைந்த சுருளில் இருந்திருக்கலாம் என்பது ஒன்று. ஏடு ஒரு தூண்டுகோல் மட்டுமே, நூல் வெளிப்பாடாக வந்தது என்பது மற்றொன்று.

இந்த இரண்டும் ஒரே எடை கொண்டவை அல்ல. ‘தொலைந்த சுருள்’ என்பது சான்றோடு உரசிப் பார்க்கக்கூடிய கூற்று. ஆபிரகாமின் நூல் தன் உரையிலேயே அந்தப் பலிப் படம் தன் மூலப் பதிவின் தொடக்கத்தில் இருப்பதாகச் சொல்கிறது. அந்தப் படத்தை ஒட்டி நமக்குக் கிடைத்திருப்பதோ ஹோருடைய நூல். ஆகவே இந்த விளக்கம் நிற்பது கடினம் என்பது என் முடிவு. ‘தூண்டுகோல்’ விளக்கத்தை எந்தப் பாப்பிரஸும் பொய்யாக்க முடியாது. அதே காரணத்தால் எந்தப் பாப்பிரஸும் அதை மெய்யாக்கவும் முடியாது. அது விசுவாசத்தின் கூற்று. அப்படியே சொல்லி ஏற்பதில் குறை ஒன்றும் இல்லை. அதை எகிப்தியவியலின் முடிவு போலப் பேசுவதுதான் தவறு.

ஜெபத்தின் பதிலை அகழாய்வு அறிக்கையாக்குவது

மார்மன் நூலின் கடைசிப் பகுதியில் ஒரு வாக்குறுதி உண்டு. உண்மையான நெஞ்சோடு கடவுளிடம் கேட்டால், பரிசுத்த ஆவியின் வல்லமையால் இதன் உண்மை தெரியவரும் என்பது அது. அப்படிக் கேட்டு நெஞ்சு நிறைந்து அழுதவர்கள், அதன் பிறகு வாழ்க்கையையே மாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அந்த அனுபவத்தை ‘மூளைச்சலவை’ என்று ஒரே சொல்லில் தள்ளுபவர் எதிரில் இருப்பவரைப் பொய்யர் என்கிறார். அதற்குப் பிறகு பேச்சு ஏது?

ஆனால் நெஞ்சில் வந்த அமைதி, கி.மு. காலத்து அமெரிக்காவில் குதிரை மேய்ந்ததா என்பதைச் சொல்லாது. அங்கிருந்த குதிரையினங்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயின. இன்றுள்ளவை ஸ்பானியர்கள் கொண்டுவந்தவற்றின் வழி வந்தவை. வேறு சமயத்தவருக்கும் இதே தீவிரமான உள்ளனுபவம் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சொன்னதை மாற்றிவிட்டு, எப்போதும் இப்படித்தான் சொன்னோம் என்பது

மார்மன் நூலின் 1981 பதிப்பின் முன்னுரை, அந்த நூல் சொல்லும் இனங்களில் ஒன்றான லாமானியரை அமெரிக்க இந்தியரின் ‘முதன்மையான’ மூதாதையர் என்றது. மரபணு ஆய்வுகளோ அந்த மக்களின் வேர்களைப் பெரும்பாலும் வடகிழக்கு ஆசியாவில் காட்டின. 2000களின் நடுப்பகுதியில் அந்த வரி ‘மூதாதையருள் சேர்ந்தவர்கள்’ என்று மாறியது. சான்று வந்ததும் கருத்தை மாற்றுவது குற்றமில்லை, அறிவுள்ள செயல். மாற்றம் நடக்கவே இல்லை என்று சாதிப்பதுதான் நம்பகத்தைக் கெடுக்கிறது. மறுப்பவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த வரி பின்னாளில் எழுதிச் சேர்த்த முன்னுரையில் இருந்தது, வேத உரையில் அல்ல.

தனக்குச் சாதகமான ஆதாரத்தை உரசிப் பார்க்காமல் விடுவது

மறுப்பவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. மார்மன் நூல் சாலமன் ஸ்பால்டிங் என்பவரின் கையெழுத்துக் கதையிலிருந்து திருடப்பட்டது என்று 1834 முதல் பலர் அடித்துச் சொல்லிவந்தார்கள். 1884இல் ஹொனலூலுவில் அவரது கையெழுத்துப்படி ஒன்று கிடைத்தது. படித்துப் பார்த்தால், மார்மன் நூலின் மூலம் என்று சொல்லும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை. அரை நூற்றாண்டு வாதம் அதோடு ஆட்டம் கண்டது.

அதைவிடக் கொடுமை மார்க் ஹாஃப்மன் விவகாரம். சபையின் தொடக்க வரலாற்றைச் சங்கடப்படுத்தும் கடிதங்களைப் போலியாகத் தயாரித்து, சபைக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்றார் அவர். அவற்றில் பேர்போன கடிதம், தகடுகளைத் தேடிப்போன ஸ்மித்தின் முன் வெள்ளை சாலமாண்டர் (பல்லி போன்ற ஓர் உயிரி) ஒன்று ஆவியாக உருமாறி நின்றது என்றது. குட்டு வெளிப்படும் நிலை வந்தபோது, 1985 அக்டோபரில் சால்ட் லேக் சிட்டியில் குண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றார். அந்தக் கடிதம் போலியாக இருக்கலாம் என்று முன்பே வெளிப்படையாக ஐயம் எழுப்பியவர் ஜெரால்ட் டேனர். சபையை வாழ்நாளெல்லாம் விமர்சித்தவர் அவர், அந்தக் கடிதம் அவர் வாதத்துக்கு வெல்லக்கட்டி. ஆனாலும் 1834ஆம் ஆண்டு விமர்சன நூல் ஒன்றின் சாயல் அதில் அடிப்பதைக் கண்டு எச்சரித்தார். இந்த விவாதத்தில் நான் மிக மதிக்கும் செயல் இதுதான்.

நம்புபவர்கள் பக்கமும் இதே சோதனை உண்டு. யேமனில் கிடைத்த பலிபீடக் கல்வெட்டுகளில் உள்ள ‘ந-ஹ-ம்’ என்ற குலப்பெயர், மார்மன் நூலில் அந்தக் குடும்பத்தின் பயண வழியில் வரும் ‘நாகோம்’ என்ற இடப்பெயரோடு ஒத்திருக்கிறது. பேச வேண்டிய சான்றுதான், அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் மூன்று மெய்யெழுத்துகளின் ஒற்றுமை ஒரு கண்டம் முழுதுக்குமான வரலாற்றைத் தாங்கிவிடாது. மார்மன் நூலில் வரும் பார்லிக்குச் சான்றாக, அரிசோனாவில் பார்லி கிடைத்ததைக் காட்டுவதும் அப்படித்தான். அது அமெரிக்காவுக்கே உரிய சிறு பார்லி.

ஒருவரின் மனநிலையை வாதமாக்குவது

தகடுகளைப் பார்த்ததாகக் கையெழுத்திட்ட முதல் மூன்று சாட்சிகளும் பின்னாளில் ஸ்மித்தோடு முரண்பட்டுச் சபையை விட்டு விலகியவர்கள். இருவர் திரும்பினார்கள், டேவிட் விட்மர் திரும்பவே இல்லை. மூவருமே தங்கள் சாட்சியத்தைக் கைவிடவில்லை. அது அவர்கள் உறுதியைக் காட்டுகிறது. தகட்டில் என்ன எழுதியிருந்தது என்பதை அது காட்டாது.

பி. எச். ராபர்ட்ஸ் சபையின் உயர் தலைவர்களில் ஒருவர். குதிரை, எஃகு, பட்டு, அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் பல்வகைமை பற்றி ஓர் இளைஞர் அனுப்பிய கேள்விகள் அவர் கைக்கு வந்தன. எளிதில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருப்பார். பதில் கிடைக்காமல் நூறு பக்கத்துக்கு மேல் எழுதி, 1922 ஜனவரியில் சபைத் தலைமையின் முன் வைத்தார். பிறகும் 1933இல் இறக்கும்வரை சபையிலேயே இருந்தார். அவர் உள்ளுக்குள் நம்பிக்கை இழந்தாரா, காத்துக்கொண்டாரா என்று இன்றும் இரு பக்கமும் சண்டை போடுகிறார்கள். அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேட, அவர் மனதுக்குள் எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. அந்தப் பக்கங்கள் 1985இல் அச்சாகிவிட்டன, எடுத்து வாசிக்கலாம்.